மூன்று கரண்டி சீனி

கிரிஜா அக்கா கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். சுஜீதன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் பக்கத்து ஊரான மல்கிரேவில் ஒரு கணக்காளரிடம் வேலை செய்கிறாள். வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் டண்டினொங்குக்கு வந்து இந்தக் கடையில் ஆறு மட்டன் ரோல்ஸ் வாங்குவாள். ரோல்ஸ் எண்ணெயில் கிடந்தன. அவை பொரிந்து முடிவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று காலையிலிருந்தே அவன் காத்திருந்தான்.

கடை முதலாளி மஹ்மூத் நானா ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். அப்படியே தள்ளுவண்டியில் இரண்டு இடத்துக்குப் பலகாரம் கொடுத்துவிட்டு வருவார். பலகாரம் ஏற்றும் வெள்ளை வான் இருந்த காலத்தில் அது பத்து நிமிஷ வேலை. தனக்குச் சீனி வருத்தம், இரத்தத்தில் சீனி கூடிவிட்டது, டொக்டர் நடக்கச் சொல்லிவிட்டார் என்று வானை விற்றுவிட்டார்.

அந்தச் சீனி வருத்தக்காரர் தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி போடுவார்.

"வான் வித்த காசைப் பெட்டிக்குள்ள பூட்டி வச்சிட்டு டொக்டரைச் சாட்டுறீங்கள் நானா" என்று சுஜீதன் தேத்தண்ணி கொடுக்கும் ஒவ்வொரு முறையும் கேலி செய்வான். நானாவும் சேர்ந்து சிரிப்பார்.

இன்று சிரிப்பு வரவில்லை. கடிதம் வரி அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. அவன் எழுதியதற்குப் பதில்.

கொரோனா முடக்கத்தில் கடை பாதி மூடிக் கிடந்தபோதும் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை அவன் கணக்குக்குச் சம்பளம் வந்தது. வேலையே இல்லாத கிழமைகளிலும் வந்தது. நன்றி சொல்லப் போனபோது நானா கையை வீசி மறித்தார்.

"எனக்கு என்னத்துக்குடா நன்றி? இது கவர்மெண்ட் சல்லி."

ஆட்களை வேலையை விட்டு நிறுத்தாமல் வைத்திருக்க அரசாங்கம் முதலாளிகள் மூலம் கொடுத்த நிவாரணம். கடையில் இருந்த மற்ற இருவருக்கும் அதுதான் வந்தது. சுஜீதன் நம்பினான்.

அப்போது அவனிடம் இருந்தது தற்காலிக விசா. அந்த விசாக்காரருக்கு நிவாரணம் கிடையாது என்பது இந்த வருஷம்தான் தெரிந்தது. கோயிலில் சாப்பாட்டு வரிசையில் முன்னால் நின்றவர் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

கையில் இருந்த தட்டு கனத்தது. உரிமையில்லாத காசைச் சாப்பிட்டிருக்கிறேன். முருகனை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

சில நாள் யோசித்தான். பிறகு போனைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினான். நான் வாங்கிவிட்டேன், கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருகிறேன்.

தபாலில் போட்ட பிறகுதான் இன்னொன்று உறைத்தது. தனக்காக அந்தக் காசைக் கேட்டு வாங்கியவர் நானா அல்லவா? தன் நேர்மை போய் அவரை மாட்டிவிட்டால்?

"என்ன போட்டிருக்கு அக்கா? நானாவுக்கு ஏதும் பிரச்சினையோ?"

"இருங்க, ஒரு நிமிஷம்."

அவள் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனாள். ஒரு வரியின் கீழே விரலை ஓட்டினாள். அவள் முகத்தில் கவலை இல்லை. கூட்டல் சரியாக இருந்தும் விடை புதிதாக வந்துவிட்டதைப் பார்க்கிற ஆவல் இருந்தது.

"உங்க பேர்ல யாருமே அந்த நிவாரணத்தைக் கேட்கலையாம் சுஜீதன். ஒரு டாலர்கூடக் கொடுக்கலையாம். நீங்க திருப்பிக் கட்ட எதுவும் இல்லை."

"இல்லையே அக்கா. எனக்கு ஒவ்வொரு முறையும் வந்ததே."

"வந்திருக்கும். ஆனா அது கவர்மெண்ட் காசுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

சுஜீதன் கடிதத்தை எட்டிப் பார்த்தான்.

"ரோல்ஸ் கருகுது, பாருங்க" என்றாள் அவள் மெல்ல.

அவன் அள்ளி எடுத்துப் பொட்டலம் கட்டினான். இரண்டு கருகித்தான் இருந்தன. அவள் அப்படியே வாங்கிக்கொண்டாள். கடிதத்தை இருந்தபடியே மடித்து உறையில் போட்டு அவன் பக்கம் நகர்த்திவிட்டுப் போனாள்.

கண்ணாடிக்கு வெளியே நானா வந்துகொண்டிருந்தார். நடைபாதையின் மேட்டில் தள்ளுவண்டி ஏறவில்லை. ஒரு சக்கரத்தைக் காலால் தூக்கிவிட்டுத் தள்ளினார்.

வானை விற்றது எப்போது? முடக்கம் தொடங்கிய மாதம். வேலை இல்லாமல் முதல் சம்பளம் வந்த அதே கிழமை.

நானா தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்? என்ன கடுதாசி அது?"

"வரிக் கந்தோர் கடிதம் நானா. அந்த கொரோனா நேரக் காசு பற்றி. எல்லாம் சரியாம், ஒண்டும் கட்டத் தேவையில்லையாம்."

நானா ஒரு கணம் கடித உறையைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"நான்தான் அப்பவே சொன்னேனே. கவர்மெண்ட் சல்லிண்டு."

"ஓம் நானா."

மறைத்துக் கொடுத்ததை மறைவாகவே வைத்திருப்பதும் ஒரு நன்றிதான்.

சுஜீதன் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்தான். தேத்தண்ணி ஊற்றினான். மூன்று கரண்டி சீனி போட்டு, அடியில் தங்காமல் நன்றாகக் கலக்கிக் கொடுத்தான்.

நானா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"என்ன, இண்டைக்கு சீனியப் பத்தி ஒண்டும் சொல்லல்லையா?"

சுஜீதன் தள்ளுவண்டியைத் தன் பக்கம் இழுத்து அடுத்த ஓடரை அடுக்கத் தொடங்கினான்.