உயிருள்ள டிரம்

"தங்கச்சி, இதை மடிச்சு எடுத்துட்டுப் போயிடு. என் பாட்டுக்கு மெஷின் வேணாம்."

இசையமைப்பாளர் முத்துக்குமாரு ஒலிப்பதிவு அறைக்குள் வரவே இல்லை. வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே சிவமலர் தன் எலக்ட்ரானிக் டிரம்மின் கடைசி வயரைச் சொருகிக்கொண்டிருந்தாள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் கடைவீடு ஒன்றின் மூன்றாவது மாடியில் இருந்தது அந்த ஸ்டூடியோ. எட்டுப் பாட்டு கொண்ட கேசட். பேங்கில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள் சிவமலர். அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வாய்ப்பு அது.

"மாஸ்டர், நான் இதுலதான் வாசிப்பேன்னு விஜயன் அண்ணன் சொல்லலையா?"

"டிரம் வாசிக்கிற பொண்ணுன்னு சொன்னான். பட்டன் அமுக்குற பொண்ணுன்னு சொல்லல."

ஒலிப்பதிவாளர் விஜயன் தன் மேசையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டான்.

சிவமலர் எழுந்து ஒதுங்கி நின்றாள். இரண்டு குச்சிகளையும் அவரிடம் நீட்டினாள். "எந்தப் பட்டன் மாஸ்டர்? தானா வாசிக்கும்னா நீங்களே வாசிக்க வைங்க, பார்ப்போம்."

அவர் வாங்கவில்லை. "சரி, அடிக்கத்தான் செய்யுறே. ஆனா மெதுவாத் தட்டினாலும் ஓங்கி அடிச்சாலும் ஒரே சத்தம்தானே?"

அவள் உட்கார்ந்து செட்டின் ஒரே ஒரு ரப்பர் தட்டில் மட்டும் வாசித்துக் காட்டினாள். தகரக் கூரையில் விழும் முதல் தூறலாய் ஆரம்பித்த சத்தம், கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, அறையையே நிரப்பிவிட்டு நின்றது.

"என்ன இருந்தாலும் உயிர் இல்ல. தோலு அதிரணும். அதுதான் டிரம்."

"தோலு எங்க மாஸ்டர் இருக்கு? இப்ப கடையில விக்கிற எல்லா டிரம்லயும் பிளாஸ்டிக்தான்."

அவர் முகம் சிவந்தது. "நிஜ டிரம்ம நீ கடைசியா எப்ப தொட்டே?"

"ஸ்கூல்ல. அப்புறம் எங்க? ஃபிளாட்டுல வாசிச்சா பக்கத்து வீட்டு ஆன்டி சும்மா விடுவாங்களா? நாலு வருஷமா ஹெட்போன மாட்டிக்கிட்டு இதுலதான்."

"அதான! நிஜ டிரம் முன்னால உக்காந்தா உனக்குக் கை நடுங்கும். தங்கச்சி, முப்பது வருஷமாக் கேக்குற காது இது. கண்ணைக் கட்டிவிட்டாலும் எது மெஷின், எது டிரம்னு சொல்லிடுவேன்."

சிவமலர் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுங்க மாஸ்டர். திரை போட்டுட்டு ரெண்டு தடவை வாசிக்கிறேன். சரியாச் சொல்லிட்டீங்கன்னா நான் கிளம்பிடறேன். தப்பாச் சொன்னா எட்டுப் பாட்டும் நான்தான், இந்த செட்டுலதான்."

"அவ்வளவு தைரியமா?" என்றவர், உடனே போனை எடுத்துக் கிள்ளானிலிருந்த நண்பரிடம் பேசினார். "நல்ல டிரம் செட் ஒண்ணு அனுப்பு. ஆமா, இப்பவே!" பிறகு இவர்களிடம், "ஒரு மணி நேரத்துல வந்துடும்" என்று சொல்லிவிட்டுத் தோசை சாப்பிடக் கீழே இறங்கினார்.

சாப்பிட்ட இடத்தில் பழைய நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். மாஸ்டர் மாடியேறி வந்தபோது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. ஒலிப்பதிவு அறையின் கண்ணாடி முழுக்கத் திரை தொங்கியது.

"ரெடி, மாஸ்டர்" என்றான் விஜயன்.

ஸ்பீக்கரில் சிவமலரின் குரல் வந்தது. "ரெண்டு தடவை வாசிக்கிறேன் மாஸ்டர். கேட்டுட்டுச் சொல்லுங்க."

முதல் தடவை, அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவர் உதட்டைப் பிதுக்கிக் கையைக் காட்டிவிட்டார். "போதும், போதும். அடுத்தது."

ஐந்து நிமிட இடைவெளி. பிறகு மறுபடியும் தாளம் தொடங்கியது.

இந்தத் தடவை மாஸ்டர் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். கால் தானாகத் தாளம் போட்டது. கண்களை மூடிக்கொண்டார். வாசிப்பு முடிந்த பிறகும் சிறிது நேரம் திறக்கவில்லை.

"முதல்ல வந்தது மெஷின். செத்த சத்தம்" என்றார் மெதுவாக. "ஆனா இது... இதுதான்யா டிரம்! அந்தக் கடைசி உருட்டல்ல மரம் முனகுச்சே, கேட்டியா விஜயா? மூச்சு விடுதுயா!"

விஜயன் மறுபடியும் மேசையில் குனிந்துகொண்டான். கதவைத் திறந்துகொண்டு சிவமலர் வெளியே வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"பொண்ணு நீ கெட்டிக்காரி" என்றார் மாஸ்டர். "தப்பாப் பேசிட்டேன். கை நடுங்கும்னு நெனச்சேன். நீ கிளம்ப வேணாம். எட்டுப் பாட்டும் நீதான் வாசிக்கிறே. ஆனா ஒண்ணு, ரெண்டாவதா வாசிச்சியே, அந்த டிரம்லதான் வாசிக்கணும். வேற எதுவும் என் கேசட்டுக்குள்ள வரக் கூடாது."

"உறுதியாவா, மாஸ்டர்? அப்புறம் மாத்த மாட்டீங்களே?"

"முத்துக்குமாரு சொன்னா சொன்னதுதான்."

அப்போது மாடிப்படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. தோளில் துண்டோடு ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"பாஸ், சாரி லா! ஃபெடரல் ஹைவே ஃபுல்லா ஜாம். கிள்ளான்லேர்ந்து இப்பத்தான் வந்து சேர்ந்தேன். டிரம் செட் கீழ லோரியிலயே இருக்கு. மேல தூக்கிட்டு வரவா?"

மாஸ்டர் மூடியிருந்த திரையைப் பார்த்தார். சிவமலரைப் பார்த்தார். பிறகு லோரிக்காரர் பக்கம் திரும்பினார்.

"வேணாம்பா. இங்கேயே டிரம் இருக்கு."