எதிர்முனை

ஏசி இல்லாவிட்டால் ஆளைக் கொல்லும் வெயில். ஒரே மின்தடம், அதில் இரண்டு ஊருக்கும் போதுமான மின்சாரம் இல்லை. மதுரைக்கா, நாக்பூருக்கா என்று தினமும் கணினி தீர்மானிக்கும். இரு முனை நிலையங்களிலும் இருப்பவர்கள் ‘சரி’ சொன்னதும் திசை திரும்பிவிடும். சொந்த ஊரில் யாருக்கும் போஸ்டிங் கிடையாது. அதனால் மதுரைக்காரி குமுதினி நாக்பூர் நிலையத்திலும், நாக்பூர்க்காரர் கைலாஷ் மதுரை நிலையத்திலும் உட்கார்ந்திருந்தார்கள்.

நேற்று மின்சாரம் மதுரைக்குத் திரும்பவிருந்தபோது, நாக்பூரில் படுக்கையில் கிடந்த தன் அப்பாவை ஜெனரேட்டர் உள்ள இடத்துக்கு மாற்றக் கைலாஷ் லைனில் பத்து நிமிடம் கேட்டார். “ரூல்ஸ்ல இடமில்ல சார்” என்று சொல்லிவிட்டாள் குமுதினி. மதுரையில் அவள் மகள் பிள்ளை பெற்று ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

இன்று கணினி நாக்பூர் என்றது. இனி மதுரையில் ஒரு ஏசியும் ஓடாது. மறுத்தால் குமுதினியின் நாற்காலிக்கு வேறு ஆள் வரும், அவ்வளவுதான்.

“சார், ஒரு பத்து நிமிஷம். குழந்தைய எங்கயாச்சும் கொண்டுபோகச் சொல்லணும்.”

“எடுத்துக்கோங்கம்மா,” என்றார் கைலாஷ். தமிழ் அவருக்கு நன்றாகப் பழகியிருந்தது. “எனக்கு இனிமே அவசரமில்ல. அப்பா நேத்தே போயிட்டாரு.”

மகள் கடைசிவரை போனை எடுக்கவில்லை. குமுதினி ‘சரி’ என்றாள். அவள் தலைக்கு மேலே ஏசி இதமாக வீசத் தொடங்கியது.