நாலாம் கட்டையின் நியாயம்

சர்ச் ஆர்மோனியத்தில் நாலாம் கட்டைக்கு அன்று இருப்புக்கொள்ளவில்லை. பாட்டு தொடங்கி மூன்று சரணம் ஆயிற்று. விரல்கள் அதை ஒருதரம்கூடத் தொடவில்லை. அதன் முறை வரும்போதெல்லாம் பக்கத்துக் கறுப்புக் கட்டை நாலரைதான் அமுங்கியது.

"என் இடத்துல இவனுக்கு என்ன வேலை?" என்று மேலே விரித்திருந்த இசைக்குறித் தாளைப் பார்த்துக் கத்தியது நாலு.

வரியின் தலைப்பில் நின்ற ஷார்ப் குறி, "நான்தான் சொன்னேன். இந்தப் பாட்டு முடியிறவரைக்கும் உனக்குப் பதிலா, அரை சுரம் மேல இருக்கிற நாலரைதான் பாடணும்" என்றது.

"முன்னால ஒருத்தன் நின்னு சொல்லிட்டா, கடைசிவரைக்கும் நான் வாயைப் பொத்திக்கிட்டுக் கிடக்கணுமா? இது எந்த ஊர் நியாயம்?"

நாலு பொருமிக்கொண்டே கிடந்தது.

தாள் புரண்டது. புதுப் பாட்டின் தலைப்பில் ஷார்ப் இல்லை. ஒரு கட்டைக்குப் பதிலாக அரை சுரம் கீழே உள்ளதைப் பாடவைக்கும் ஃப்ளாட் குறி உட்கார்ந்திருந்தது. முதல் விரலே நாலின் மேல் விழுந்தது. அது துள்ளித் துள்ளிப் பாடியது.

இரண்டாம் சரணத்தில் ஏழாம் கட்டை மெல்லக் கூப்பிட்டது. "அண்ணே, என் முறைக்கெல்லாம் கீழ இருக்கிற ஆறரையே போறான். நீங்க கொஞ்சம் கேளுங்களேன்."

"தலைப்புல என்ன போட்டிருக்குன்னு பார்த்தியா? போட்டா போட்டதுதான்" என்றது நாலு. "சும்மா நச்சரிக்காதே, பாட்டு கெட்டுப்போகும்."