ஆக்ஸிஜன் கூடவில்லை

யாரையாவது அடக்க வேண்டுமென்றால் மட்டும் என் ஞாபகம் வந்துவிடும் இவருக்கு.

ஆய்வக மேசையில் குனிந்திருந்த அவள் திரும்பவில்லை. திரும்பினால் இயக்குநரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

“நீங்க பக்குவமாப் பேசுவீங்க மேடம். புருஷன் நெஞ்சு வலியில போயிட்டாருன்னு சொல்லி அந்தம்மாவ அமைதிப்படுத்துங்க. கட்டடம் பூரா கேக்குது.”

நடைக்கூடத்தில் ஒரு பெண் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். “காலைல சிரிச்சுக்கிட்டுப் போன மனுஷன்யா! எப்படிச் செத்தாருன்னு சொல்ல ஒருத்தனுக்குமா வாய் வரல?”

அந்தப் பெண்ணின் கணவர் கீழ்த்தளத்து அறையில் திரவ நைட்ரஜன் நிரப்பப் போனவர். கசிந்த வாயு அறையிலிருந்த ஆக்ஸிஜனை விரட்டிவிட்டது. ஆள் போய்ப் பார்க்கும்போது தரையில் கிடந்தார்.

மேசைமேல் ஆக்ஸிஜன் குறைத்து வைத்த கண்ணாடித் தொட்டியில், எலியின் கழுத்திலிருந்து எடுத்த கடுகளவு உறுப்பு. ஆக்ஸிஜன் குறைந்தால் உடம்பில் முதலில் அலறுவது அதுதான். அந்த அலறல், நரம்பின் மின்துடிப்பாக, ஒலிபெருக்கியில் சடசடத்துக்கொண்டிருந்தது.

அவளுடைய பழகிய கை நைட்ரிக் ஆக்சைடு கரைசலைச் சொட்டியது. உடம்பு தானே சுரந்து, அந்த உறுப்பைத் தட்டிக்கொடுத்து வைத்திருக்கும் பொருள்.

சடசடப்பு தணிந்தது. நின்றேவிட்டது.

“அட, சரியாயிடுச்சே” என்றார் இயக்குநர்.

எது சரியானது? தொட்டியில் ஆக்ஸிஜன் இம்மியும் கூடவில்லை. கத்தல்தான் நின்றது.

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அழுதுகொண்டு வந்த மாணவிகள், வேலையே வேண்டாமென்று கிளம்பியவர்கள். எத்தனை பேரைத் தட்டிக்கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அதற்கு ஒரு நல்ல பெயர் வேறு.

கீழ்த்தளத்து அந்த அறையிலும் ஆக்ஸிஜன் குறைந்தால் அலற ஒரு கருவி இருந்தது. போன வாரம் அது விடாமல் கூவியபோது, இந்த மேசையைச் சுற்றி விருந்தினர்கள் நின்றிருந்தார்கள். எலியின் நரம்போசை அவர்கள் காதில் தெளிவாக விழ வேண்டும். “அந்தச் சனியனப் பிடுங்கிப் போடுங்கய்யா” என்று ஆளை விரட்டியவர் இந்த இயக்குநர்தான்.

பிடுங்கியதை யாரும் திரும்ப மாட்டவில்லை.

கையுறைகளைக் கழற்றிப் போட்டாள். கதவை அகலத் திறந்தாள். அந்தப் பெண் மூச்சு வாங்க நிறுத்தும்வரை காத்திருந்தாள்.

“அவருக்கு நெஞ்சு வலியெல்லாம் இல்ல சார்” என்றாள், குரலை உயர்த்தாமல், வெளியே கேட்கும்படி.