வாசலில் ஒரு ‘ப்பா’

“பையன் பேசுவானா?”

டாக்டர் லிம் ஆங்கிலத்தில் கேட்டதை, அவருடைய மூக்கடைத்த குரலிலேயே தமிழில் எடுத்துவிட்டாள் லீலா.

தங்கம் மகளின் தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள். “ஆஸ்பத்திரியிலயும் உன் கூத்தா? டாக்டர் பேசுறதைச் சொல்லத்தானே கூட்டிட்டு வந்தோம்.”

பதினைந்து வயது லீலாவின் வாயில் குடியேறாத குரல் சிங்கப்பூர் கெர்பாவ் ரோட்டிலேயே கிடையாது. பால்காரர், பஸ் கண்டக்டர், ரெடிஃபியூஷன் வானொலி அறிவிப்பாளர் எல்லாருக்கும் அங்கேதான் குடித்தனம்.

தம்பி துரைசாமிக்கு நாலு வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் நிமிர மாட்டான். இப்போதும் மேஜைக்கடியில் உட்கார்ந்து, பொம்மை லாரியின் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

“ஆட்டிசமா இருக்குமோன்னு டாக்டருக்குச் சந்தேகமாம். அவர் பார்க்கிறது கொஞ்ச நேரம்தானே, வீட்ல எப்படின்னு நீங்கதான் சொல்லணுமாம்.”

“ஒரு வார்த்தை பேசினதில்லை,” என்றாள் தங்கம்.

“யார் சொன்னா?” அப்பா அழகப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “தினம் சாயங்காலம் நான் வாசல்ல செருப்பைக் கழட்டுறப்போ, உள்ளேயிருந்து ‘ப்பா’ன்னு கூப்பிடுறானே.”

“அடுப்படியில இருக்கிற எனக்கு மட்டும் கேக்கலையாக்கும்?”

“ஸ்டவ் இரைச்சல்ல உனக்கு எது கேக்கும்?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொன்னார். இந்தத் தடவை லீலாவுக்குச் சொந்தக் குரல்தான் வந்தது.

“நிஜமா கூப்பிடுறான்னா ஒரு வருஷம் பொறுத்துப் பார்க்கலாமாம். இல்லைன்னா இப்பவே பயிற்சியில சேர்க்கணுமாம். நாள் தள்ளினா அவனுக்குத்தான் கஷ்டமாம்.”

“கூப்பிடுறான்னு சொல்லு லா,” என்றார் அழகப்பன்.

லீலா டாக்டர் பக்கம் திரும்பாமல், மேஜைக்கடியில் இருந்த தம்பியைப் பார்த்தாள்.

“சொல்லும்மா.”

“அப்பா… அது நான்.”

நம்பமாட்டாரோ என்று, மழலைக் குரலில் ஒரு தடவை “ப்பா” என்றும் சொல்லிக் காட்டினாள். அறை விழ வசதியாகக் கன்னத்தையும் திருப்பி வைத்துக்கொண்டாள்.

அழகப்பன் குனிந்து மகனின் தலையைத் தடவினார்.

“தெரியும்மா. போன வெள்ளிக்கிழமை வாசல்லயே படுத்துக் கிடந்த இவனைத் தூக்கிட்டுத்தான் செருப்பைக் கழட்டினேன். என் தோள்ல தூங்கிட்டிருந்தான். அப்பவும் உள்ளேயிருந்து கூப்பிட்டானே.”

“அப்புறம் ஏன்பா டாக்டர்கிட்ட…?”

“அவர் எழுதிட்டா நிஜமாயிடுமோன்னு ஒரு ஆசைதான்.” மேஜைமேல் இருந்த பேனாவைப் பார்த்தார். “இவன் கூப்பிடலைன்னே சொல்லிடு. ஆனா, கூப்பிடுற வரைக்கும் நீ நிறுத்திடாதே.”