சுண்டுவிரல் அடித்த எழுத்து

திண்டிவனத்துத் தட்டச்சுப் பயிலகத்தின் ஜன்னல் வழியே காலை வெயில் ஏழு இயந்திரங்களின்மீதும் விழுகிறது. எண்பத்தைந்தாம் ஆண்டுக் காலண்டர் சுவரில் படபடக்கிறது. நடு இயந்திரத்தில் காந்திமதி ஒரு பக்கத்தை அடித்துக்கொண்டிருக்கிறாள். நிலக்கடலை மண்டியில் தோலுடைப்பவள். அவளுடைய பெருவிரலும் ஆள்காட்டி விரலும் இரும்பு. இடக்கைச் சுண்டுவிரலோ, அண்ணன்மார் நால்வரும் உழைக்க நிழலில் படுத்துறங்கும் கடைசித் தம்பி. அது அடிக்க வேண்டிய ‘ய’ மட்டும் நாள்தோறும் மங்கலாகவே பதியும். இன்றும் மங்கினால் பயிற்சியாளர் சவுரிராயன் தேர்வு விண்ணப்பத்தில் கையெழுத்திடமாட்டார். அதை அனுப்ப இன்றே கடைசி நாள்.

வாசலில் தூக்குச்சட்டியோடு மண்டித் தோழி பொன்னி துள்ளுகிறாள். “ஜல்தி அடி யக்கா! ஒரு மாசமா மல்லாட்டைய சுண்டுவிரலாலதான ஒடைச்சிக்கினு இருந்த? மண்டியே சிரிச்சுதே!”

“சிரிக்கட்டும்டி, நீ கம்முனு இரு!”

நகம் உடைந்த சுண்டுவிரல் உயர்ந்து உயர்ந்து விழுகிறது. வரிமுடிவில் மணி ஒலிக்கிறது, மேசை அதிர்கிறது, பக்கத்து இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்து கவனிக்கின்றன. கடைசித் தம்பி விழித்துக்கொண்டான். சவுரிராயன் தாளை உருவி ஜன்னலுக்கு நேரே பிடிக்கிறார். ஒவ்வொரு ‘ய’வையும் துளைத்துக்கொண்டு வெயில் அவருடைய வெள்ளைச் சட்டையில் புள்ளி புள்ளியாக விழுகிறது.

“இன்னாம்மா இது, தாளையே ஓட்டை போட்டுட்டியே! என் பேனா எங்க?” என்று, சட்டைப்பையிலேயே இருக்கும் பேனாவை அவர் மேசையெங்கும் தேடுகிறார்.