மாமியார் வேஷம்

"இந்தப் பெண் இனி ஒரு நாள்கூட இங்கே இருக்கக் கூடாது. டி.சி. கொடுத்து அனுப்பிவிடுங்கள்" என்றார் காந்தா டீச்சர்.

தலைமையாசிரியை கங்கையம்மாள், எதிரே தலைகுனிந்து நின்ற அம்சவேணியையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றைய ஆண்டு விழா அரிதாரம் சரியாகப் போகாமல் அவள் காதோரம் ஒட்டிக்கொண்டிருந்தது.

பத்தாம் வகுப்பு. பட்டுத்தறி நெய்பவரின் மகள். ஜூன் மாதம் மன்றங்களுக்குப் பெயர் கொடுக்கச் சொன்னபோது எல்லாவற்றுக்கும் கை தூக்கியவள். தோட்டக் கழகத்தில் அவள் போட்ட கத்தரிப் பாத்திதான் முதலில் காய்த்தது. தையல் கண்காட்சியில் பரிசு வாங்கினாள். சாரணியர் முகாமுக்குச் செவிலிமேடு போனபோது, பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி எல்லோருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்தவளும் அவள்தான்.

பேச்சு மட்டும் வராது. இலக்கிய மன்றத்தில் ஒருமுறை பேச எழுந்தவள், "அவையோர்க்கு வணக்கம்" என்றதோடு அழுதுகொண்டே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த மன்றத்தை நடத்தியவர் தமிழாசிரியை காந்தா டீச்சர். அவர் பேச எழுந்தால் கடைசி பெஞ்சுகூட அசையாது. ஆண்டு விழாவுக்கு வரதட்சணைக் கொடுமை பற்றி நாடகம் எழுதியவரும் அவரே.

மாமியாராக நடிக்க இருந்த ஏலவார்குழலிக்கு விழாவுக்கு முதல் நாள் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் இரண்டும் உப்பிவிட்டது.

"நான் போடறேன் டீச்சர்" என்று வந்து நின்றாள் அம்சவேணி.

காந்தா டீச்சர் தயங்கினார். நாலு வரி வசனம்தானே, போடட்டும் என்று கங்கையம்மாள்தான் சொன்னார்.

மேடையில் அந்த நாலு வரியை அவள் பேசவே இல்லை.

மருமகள் வேஷக்காரி சாப்பாட்டுத் தட்டோடு வந்தாள். அம்சவேணி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, குரலை உயர்த்தாமல், வேறு யாரோ போலப் பேச ஆரம்பித்தாள்.

"தட்டைக் கீழே வை. ஸ்கூட்டர் வரட்டும், பிறகு சாப்பிடலாம். உன் அப்பா பித்தளைக்கு முலாம் பூசி வெள்ளி என்று அனுப்பினார். பெண்ணையும் அப்படித்தான் அனுப்பியிருக்கிறார். அழுகிறாயா? அழு. சத்தம் மட்டும் வெளியே வரக் கூடாது. முந்தானையை வாயில் வைத்துக்கொள். நான் கௌரவமாக வாழ்கிறவள்."

ஒரு கெட்ட வார்த்தை இல்லை. கூட்டம் முதலில் சிரித்தது. அப்புறம் சிரிக்கவில்லை. முன் வரிசையில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். மருமகள் வேஷம் போட்ட பெண் வசனத்தை மறந்து நிஜமாகவே அழுதுவிட்டாள். காந்தா டீச்சர் மேடை ஓரத்திலிருந்து ஓடி வந்து திரையை மூடச் சொன்னார். அவர் முகம் வெளுத்திருந்தது.

விடிந்ததும் ஊரே அதைத்தான் பேசியது. இத்தனூண்டு பெண்ணுக்கு இவ்வளவு விஷமா என்றார்கள். வீட்டில் கேட்பதைத்தானே பிள்ளை பேசும், இவள் அம்மா எப்படிப்பட்டவளோ என்றார்கள்.

கங்கையம்மாளும் இப்போது அதையேதான் கேட்டார். "உங்க அம்மா உன் அண்ணியை இப்படித்தான் பேசுவாங்களா?"

"எங்க வூட்ல தறிச் சத்தந்தான் டீச்சர். எங்கம்மா அப்படியெல்லாம் பேசாது."

"அப்ப யார்கிட்ட கத்துக்கிட்டே?"

"பக்கத்து வூட்ல பேசறதுதான். ரெண்டு வூட்டுக்கும் ஒரே செவுரு. தறி நின்னதும் எல்லாம் கேக்கும்."

"அடுத்தவர் வீட்டுப் பேச்சை ஒட்டுக் கேட்கிற பெண்ணோடு நமக்கு என்ன விசாரணை?" என்று காந்தா டீச்சர் எழுந்தார். கங்கையம்மாள் கையமர்த்தினார்.

"காதுல விழுந்துச்சு, சரி. அதை மேடையில ஏன் பேசினே?"

அம்சவேணி முதல் முறையாக நிமிர்ந்தாள்.

"அங்க ஒரு அக்கா இருக்குது டீச்சர். அவங்க வூட்டுக்காரருக்கு மெட்ராஸ்ல வேலை. அக்கா அழுவுறது தினமும் கேக்கும். ரெண்டு நாளா அதுவும் கேக்கல. அப்பாகிட்ட சொன்னேன். பெரிய மனுஷங்க வூட்டு விஷயம், வாயத் தொறக்காதேன்னுட்டாரு. மேடையில அப்படியே பேசினா, யாருன்னு யாராச்சும் வந்து கேப்பாங்கன்னு நெனச்சேன். எல்லாரும் என்னையத்தான் திட்டினாங்க."

"இன்னிக்கும் கேக்கலையா?" என்றார் கங்கையம்மாள்.

"காலையில செவுத்தைத் தட்டிப் பாத்தேன் டீச்சர். ரொம்ப நேரம் கழிச்சு அந்தப் பக்கத்திலேர்ந்து ஒரு தட்டு கேட்டுது. அவ்வளவுதான்."

கங்கையம்மாள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். பியூனைக் கூப்பிட்டு, டாக்டரம்மாவை உடனே அழைத்து வரச் சொல்லி விரட்டினார். செருப்பை மாட்டிக்கொண்டே அம்சவேணியின் கையைப் பிடித்தார்.

"வா, இப்பவே போகலாம். வீட்டைக் காட்டு."

"வெளியில பூட்டியிருக்குது டீச்சர்."

"சாவி யார்கிட்ட?"

"காந்தா டீச்சர் இடுப்புலதான் இருக்குது."